53 மணிச் செபத்துக்கு ஒன்றேகால் கிலோமீட்டர்

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது போகவில்லை என்று சொல்லும் ஆளைக் கத்தோலிக்கக் கோயில் வளாகத்தில் பார்க்க முடியாது. காலை மணி அடிக்க வேண்டும், பூசை உடுப்பு எடுத்து வைக்க வேண்டும், வாசகப் புத்தகத்தின் நாடா அன்றைய பக்கத்தில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், தூபக் கரியைப் பத்து நிமிடம் முன்னாலேயே பற்றவைக்க வேண்டும். மாலையில் அன்பியக் கூட்டம் (பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது), நோயாளி வீடு, துக்க வீடு. நடுவில் பீட விரிப்பில் சிந்திய மெழுகு. அதைச் சூட்டோடு தொட்டால் துணி முழுக்கப் பரவிவிடும். நன்றாக இறுகவிட்டு, கத்தியின் முதுகால் பெயர்த்து, மிச்சக் கறைக்கு மேலும் கீழும் பழுப்புத் தாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகு தாளுக்கு ஏறிவிடும். அந்த விரிப்பைப் பீடத்தில் போட்டு ஓரத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடும்போது வருகிற திருப்தி, சம்பளக் கவரில்கூட வந்ததில்லை என்பார்கள்.

ஆகஸ்ட் பிறந்ததும் வேளாங்கண்ணிக்கு நடக்க முதலில் பெயர் கொடுப்பவர்களும் இவர்கள்தான். பேரப்பிள்ளை பிழைத்ததற்கு, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு, கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு என்று ஆளுக்கொரு நேர்ச்சை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இளவட்டங்கள் மூன்று நாளில் போய்விடுவார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து நாள் வேண்டும். ஆகவே 24ஆம் தேதி கிளம்பினால் கொடி ஏறும்போது மணலில் நிற்கலாம்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து எட்டரை வரை நடை. பிறகு நிழல், கஞ்சி, தூக்கம். மாலை நாலரைக்கு மேல் மறுபடியும் இரண்டு மூன்று மணி நேரம். வெயிலில் நடப்பதைப் பக்தி என்று எண்ண வேண்டாம், ஆகஸ்ட் தார் ரோட்டுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. தூரத்தை அளக்க கிலோமீட்டர் கல் தேவையில்லை. செபமாலையை உருட்டி 53 முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் 53 மணிச் செபம், இடையில் பாட்டு என்று சொல்லி முடிக்க இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வயதானவர் நடையில் அது ஒன்றேகால் கிலோமீட்டர். வியாழக்கிழமை நடந்தால் ஒளியின் மறையுண்மைகள் (இயேசுவின் வாழ்விலிருந்து செபமாலையில் தியானிக்கும் ஐந்து நிகழ்ச்சிகள்). 2002இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை சேர்த்துக் கொடுத்த அந்த ஐந்தில் மூத்தவர்கள் இன்னும் ஒன்றிரண்டைத் தடுமாறுவார்கள். தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துச் மாதா சொரூபம் வரும் சப்பர வண்டியின் பின்னால் ஒட்டிவிட்டால் வரிசையில் வருகிறவர் எல்லாருக்கும் தெரியும்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சொரூபத்தைக் கயிற்றால் மட்டும் கட்டினால் வேகத்தடையில் கழுத்து விரிசல் விடும். அடியில் பஞ்சு மெத்தைத் துண்டு போட்டு, இடுப்பில் பழைய சேலையைச் சுற்றிக் கட்ட வேண்டும். மைக்குக்கும் சீரியல் விளக்குக்கும் ஒரே பேட்டரி என்றால் இரவு நடையில் பாதி செபத்திலேயே மைக் படுத்துவிடும். இரண்டையும் பிரித்துவிடுங்கள். இருட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வேண்டும். நேர்ந்து நடப்பவர்கள் போடும் காவி உடுப்பு இருட்டில் தெரியாது. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டாதவரை வரிசையில் சேர்க்காதீர்கள், அவர் பங்குப் பேரவைத் தலைவராக இருந்தாலும் சரி.

இனி கால். கொப்புளம் வருவது நடையால் மட்டுமல்ல, ஈரத்தாலும்தான். கிளம்பும் முன் விரலிடுக்கில் வாசலின் தடவி, காலுறை போட்டு, மதியம் வேறு ஜோடி மாற்றினால் பாதித் தொல்லை குறையும். வந்த கொப்புளத்தின் தோலை உரிக்கவே கூடாது, சுத்தமான துணியால் மூடிவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்வதுதான் பெரிய கவலை. நரம்பு மரத்துப் போன பாதத்துக்குத் தார் சுடுவது தெரியாது. இரவில் பார்த்தால் குதிகால் வெந்திருக்கும். மாத்திரை வழக்கம்போல் போட்டு, நடை நாலு மடங்கானால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே குளுக்கோஸ் கொடுங்கள், 'வெயில்' என்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காதீர்கள். மாத்திரை அளவைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

"நேர்ந்துட்டேனே, மாத்தினா மாதா கோபிச்சுக்க மாட்டாளா?" என்று கேட்பார்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணத்தோடு விடுவிக்கப் பங்குச் சாமிக்கு, அதாவது ஊர்க் கோயில் குருவுக்கு, திருச்சபைச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. சமமான அல்லது அதைவிட மேலான வேறொன்றாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு. செருப்புப் போட்டு நடங்கள், அம்மா பார்த்துக்கொள்வாள்.

ஆள் உயர மெழுகுவர்த்தி நேர்ந்தவர்கள் அதைத் தோளில் சுமந்து வந்தால் திருவாரூர் தாண்டுவதற்குள் வில்லாக வளைந்துவிடும். செய்தித்தாள் சுற்றி பிவிசி குழாய்க்குள் செருகி வந்தால் நேராக வந்து சேரும். கீழ்வேளூர்ப் பக்கம் வந்ததும் காற்றில் உப்பு வாசனை தெரியும். அதன் பிறகு யாரும் காலைப் பற்றிப் பேசுவதில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் புரோக்கர்கள். "ரூம் வேணுமா, கடைசி ரூம்" என்று பையைப் பிடுங்குகிறவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். மொட்டை போட்ட பிறகு கைநீட்டுவது, மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்பது எல்லாம் உண்டு. ஐந்து நாள் நடந்து வந்தவர்களிடமா இப்படி என்று எரிச்சல் வரும். வரத்தான் செய்யும்.

மாதா குளம் போகும் மணல் பாதையில் முழங்காலில் போகிறவர்கள் விடியும் முன்பே போய்விட வேண்டும், பத்து மணிக்கு மணல் கொதிக்கும். துண்டை இரண்டாக மடித்து முட்டியில் கட்டினாலும் கிளிஞ்சல் துண்டு குத்தும். முடித்து எழும்போதுதான் விழுவார்கள், கால் மரத்திருக்கும். இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் அந்தப் பாதையில் நடந்தே போகலாம். வேளாங்கண்ணிக் கதைகளில் பால் கொண்டுபோன சிறுவனை நிறுத்திப் பிள்ளைக்குப் பால் கேட்டவள், நடக்க முடியாத மோர்க்காரப் பையனை நாகப்பட்டினத்துக்கு எழுந்து ஓட வைத்தவள், முட்டியைக் கணக்குப் பார்க்கவா போகிறாள்?

பிறகு பேராலயம். மூன்று மணி நேர வரிசை. தமிழும் மலையாளமும் கொங்கணியும் ஒரே மூச்சில் கேட்கும். வியர்வை, நெரிசல், குழந்தை அழுகை. தூணைத் தாண்டித் திரும்பியதும், அங்கே இருக்கிறாள். சேலை கட்டி, கையில் பாலனோடு. கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனப்பாடம் செய்து வந்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒன்றும் நினைவுக்கு வராது. மகன் பெயர், மருமகள் பெயர், பக்கத்து வீட்டு நோயாளி பெயர் எல்லாம் அழிந்துபோகும். பாலனின் சின்னக் கை, மாலையில் ஒரு வாடிய இதழ், சேலைக் கரையில் விழும் வெளிச்சம். "நகருங்க, நகருங்க" என்று தன்னார்வலர் தோளைத் தொடுவதற்குள் மூன்று நொடி. வாயில் வருவது "அம்மா" மட்டும்தான். வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் கண்ணீர் தானாக வரும். அழாதீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அழுதுகொண்டிருப்பார். பேரனுக்கு நன்றி, கண்ணுக்கு நன்றி, வழியில் மோர் ஊற்றிய முகம் தெரியாத கைகளுக்கு நன்றி, மணி அடிக்க இன்னும் வலுவுள்ள இந்தத் தோளுக்கு நன்றி. மரியே வாழ்க!

திரும்பும்போது பஸ்தான். மாதா எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் வாங்கினால் பையில் உடையும், பிளாஸ்டிக் குப்பியே நல்லது, மூடிக்கு மேல் டேப் ஒட்டிவிடுங்கள். வர முடியாத நோயாளிகளுக்குக் கொடுக்கச் சிறுகுப்பிகளாகவே வாங்குவது வசதி. வீட்டுக்கு வந்ததும் காவி உடுப்பைத் தனி வாளியில் ஊற வையுங்கள். மூன்று அலசல் வரை சாயம் போகும். அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான பீட விரிப்பையும் அதே வாளியில் போட்டால், அடுத்த வாரப் பூசை முழுக்கப் பங்குச் சாமி காவி விரிப்பைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் வைப்பார்.