அத்தானின் ஜக்கெட்டில் நாகதாளி முள்

ஜூன் 22, சனி

உகந்தை முருகனைக் கும்பிட்டுத் திரும்பும் வழியில், பாணமைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது விழுந்துவிட்டேன். அந்தப் பாதையில் ஓடியவர்களுக்குத் தெரியும், கிரவல் முடிந்து மணல் தொடங்கும் இடம் மத்தியான வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாது. முன் சில்லு புதைந்தது, மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது, நான் தோளும் கையுமாக ஒரு நாகதாளிக் கள்ளிப் பற்றைக்குள் போனேன். வேகம் இல்லாதபடியால் எலும்புக்கு ஒன்றும் இல்லை.

உடம்பில் இருந்தது அத்தானின் தோல் ஜக்கெட். சுவிஸில் பத்து வருடத்துக்கு மேல் போட்டு ஓடியது. அவருடைய முழங்கை மடிப்பு அதில் அப்படியே பதிந்து கிடக்கும். போன முறை வந்தபோது, "சும்மா தொங்கினால் தோல் செத்துப்போகும், நீ போட்டு ஓடு" என்று தந்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் மறுபடி வருகிறார். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர். அந்த ஜக்கெட்டை முள்ளோடு திருப்பிக் கொடுக்க மனம் வராது.

எழும்பியதும் செய்த முதல் வேலையே பிழை. வலது கையுறையால் இடது கையை மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டேன். நீட்டிக்கொண்டிருந்த முள் நிறைய அதோடு முறிந்தது. பிறகு சாமான் பையில் இருந்த குறட்டால் பிடித்து, நின்ற இடத்திலேயே பதினேழு முள்ளை இழுத்தெடுத்தேன். மஞ்சள் நிறம், சற்று வளைவு, கொஞ்சம் தட்டை. பெரியது என் நடுவிரலில் பாதி நீளம் இருந்தது.

முன்கையில் இரத்தம்போல ஒரு சிவப்பு. பதறிப்போய்க் கழற்றிப் பார்த்தால் கையில் காயமே இல்லை. நாகதாளி மடல்களில் வெள்ளைப் பஞ்சு அப்பினமாதிரி ஒரு பூச்சி ஒட்டியிருக்கும். அது நசுங்கிய சாயம். ஜக்கெட்டைச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று மெல்ல ஓடி, மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் விறாந்தையில் பாய் போட்டு, அதன்மேல் பழைய வெள்ளைச் சீலை விரித்து ஜக்கெட்டைக் கிடத்தினேன். விழுகிற முள் வெள்ளையில்தான் தெரியும். அக்காவின் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிகிற வீடு இது. தோளிலும் முழங்கையிலும் இருந்த பாதுகாப்புப் பட்டைகளை உருவி அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

பெத்தா, என் பாட்டி, வந்து குனிந்து பார்த்தார்.

"பெரிய முள்ளு உன்ன ஒண்டும் செய்யாது மனே. சுணையப் பாரு."

எனக்கு அப்போதுதான் நேற்றுத் தட்டியதன் அர்த்தம் விளங்கியது. நாகதாளி மடலில் புள்ளி புள்ளியாகக் கண் இருக்கும். ஒவ்வொரு கண்ணிலும் பெரிய முள் சில, அவற்றின் அடியில் தூரிகை மயிர்போல ஒரு கொத்துச் சுணை. சூடடிக்கும் நாளில் நெல்லுச் சுணை கழுத்தில் படுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இது அதைவிட மோசம். பட்டாலே கண்ணைவிட்டுக் கழன்று வந்துவிடும், வந்தது எதிலும் ஏறி நிற்கும். பெரிய முள் ஒரு துளை போட்டு அதிலேயே நிற்கிறது. சுணையை நான் கையுறையால் தேய்த்து இடது கை முழுக்கப் பரப்பி, மிச்சத்தை வலது உள்ளங்கைக்கும் ஏற்றிக்கொண்டுவிட்டேன்.

பகல் வெளிச்சத்தில் அது தெரியவில்லை. இரவு லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச்சைத் தோலோடு தோலாகக் கிடத்தி அடித்தேன். மேலிருந்து அடித்தால் தோல் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு சுணைக்கும் அதைவிட நீளமான நிழல் விழுகிறது. முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடம், தோள் தையலில் ஒரு இடம், பொன்மயிர் முளைத்தமாதிரி நின்றது. முறிந்து புதைந்த பெரிய முள் இருபத்துமூன்று. ஒவ்வொன்றையும் சுற்றி சோக்கால் வட்டம் போட்டேன்.

ஜூன் 24, திங்கள்

வேலை விட்டு வந்ததும் பெத்தா ஒரு துணிப் பொட்டலத்தைத் தந்தார். உள்ளே மூத்தப்பாவின், என் தாத்தாவின், முள்ளுவாங்கி. அவர் வயலுக்குப் போகும்போது அரைஞாணில் கொளுவிக்கொண்டு போனது. காதுக்குரும்பி எடுக்கிற கரண்டி, முள்ளுக் கிண்டுகிற ஊசி, பிடுங்குகிற சாமணம், மூன்றும் ஒரே வளையத்தில். நான் காலில் முள்ளோடு அழுதபோது அவர் மடியில் இருத்தி இதால்தான் எடுத்துவிட்டார். சாமணத்தின் வாய் இன்னமும் மயிரிழை இடைவெளி இல்லாமல் மூடுகிறது.

நேரே பிடித்து இழுத்தால் அகப்படாது. தோல் முள்ளை நெருக்கிப் பிடித்திருக்கிறது, முறிந்த முனை தோலின் மட்டத்துக்குக் கீழே நிற்கிறது. ஊசியால் கிண்டினால் துளை பெரிதாகும். ஒன்றில் கிண்டிப் பார்த்து உடனே நிறுத்தினேன். பிறகு ஒரு சோடாப் போத்தலைக் கைக்குள் விட்டு, தோலை அதன்மேல் இழுத்துப் பிடித்தேன். வளைவில் தோலின் மேற்பக்கம் விரிகிறது, துளை வாய் திறக்கிறது, அடியில் இருக்கும் முள் ஒரு மயிரிழை மேலே வருகிறது. அந்த நேரத்தில் சாமணத்தால் பிடிக்க வேண்டும்.

முள் எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில்தான் இழுக்க வேண்டும். நான் இடப்பக்கம் விழுந்தபடியால் எல்லாம் மணிக்கட்டுப் பக்கமிருந்து முழங்கையை நோக்கிச் சரிந்து ஏறியிருந்தன. இரண்டை எடுத்தபிறகு அது கைக்குப் பிடிபட்டுவிட்டது. ஆட்டக் கூடாது, முறுக்கக் கூடாது. மெல்ல ஒரே இழுவை. இரவு பதினொன்றரைக்குள் பதினாலு வந்தது. சீலையில் விழுந்த ஒவ்வொன்றையும் பழைய தீப்பெட்டிக்குள் போட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று ஜக்கெட்டைத் தொடவில்லை. வலது நடுவிரல் மூட்டு சிவந்து, மடக்க வலித்தது. டிஸ்பென்சரிக்குப் போனேன். டொக்டர் வில்லையை வைத்துப் பார்த்து ஒரு துண்டு முள்ளை எடுத்தார், ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டார். மூட்டுக்குள் முள் நின்றால் வீக்கம் நாள்கணக்கில் இழுக்கும், வீட்டில் ஊசியால் கிண்டி ஆழப்படுத்தாமல் வந்தது நல்லது என்றார். இதை வாசிக்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஜக்கெட் எத்தனை நாளும் காத்திருக்கும்.

ஜூன் 26, புதன்

மிச்சம் ஒன்பது. போத்தலுக்கும் மசியாதவை. பஸ் நிலையத்துப் பக்கம் குடை கட்டி இருந்து செருப்புத் தைக்கும் ஐயாவிடம் ஜக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தோலைப் பெருவிரலால் நீவி, கையை உள்வெளியாகத் திருப்பி, உள்துணியின் தையலைத் தடவிக்கொண்டே போனார்.

"வெளியால வராட்டி உள்ளால எடு தம்பி. கம்பனிக்காரன் கடைசியா மூடின தையல் ஒண்டு உள்துணியில இருக்கும். அதப் பிரிச்சா முழுக் கையும் வெளிய வரும்."

இருந்தது. இடது கையின் உள்துணியில் ஒரு சாண் நீளத்துக்கு, மற்றத் தையலைவிடக் கொஞ்சம் கோணலாக. எந்த ஜக்கெட்டையும் உள்புறமாகத் தைத்து, ஒரு வாசல் வழியாகத் திருப்பி எடுத்து, பிறகு அந்த வாசலை மூடுவார்களாம். அதைப் பிரித்தால் தோலுக்கு ஒரு சேதமும் இல்லை.

தோலின் மறுபக்கம் வெளிறிய சாம்பல் நிறம், மெத்தென்று. அதில் ஏழு மஞ்சள் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முனையைச் சாமணத்தால் பிடித்து முன்னுக்கு இழுத்தபோது, நேற்று முன்தினம் முழு இரவும் அசையாதது ஈரச் சோற்றில் இருந்து மயிரை உருவினமாதிரி வந்தது.

அது ஏன் என்பதை வாவியில் தூண்டில் போடுகிறவர்கள் சட்டென்று சொல்லுவார்கள். தூண்டில் முள்ளில் மீன் கழராமல் இருக்கப் பின்னுக்குப் பார்த்து ஒரு செதுக்கு இருக்கும். கையில் ஏறினால் பின்னுக்கு இழுக்க மாட்டார்கள், முன்னுக்குத் தள்ளி முனையை வெளியே கொண்டுவந்து செதுக்கை வெட்டுவார்கள். நாகதாளி முள்ளிலும் சுணையிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அப்படிப் பின்னுக்குப் பார்த்த செதில் உண்டு. போகிற திசையில் வழி விடும், வந்த திசையில் விடாது. முதல் நாளே இது தெரிந்திருந்தால் குறட்டை எடுத்திருக்கவே மாட்டேன்.

கடைசி இரண்டும் தோள் தையலுக்குள். அங்கே தோல் இரண்டு மடிப்பு. ஐயா மூன்று தையலை அறுத்து, இரண்டையும் எடுத்து, மெழுகு நூலால் பழைய துளைகளிலேயே திரும்பத் தைத்தார். பக்கத்தில் புதுத் துளை போட்டால் தோல் முத்திரைத் தாள் கிழிகிறமாதிரி அந்த வரிசையில் கிழியும் என்றார். முந்நூறு ரூபா கேட்டார், ஐந்நூறு கொடுத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

சுணை. இரண்டு இரவாக இதோடுதான்.

சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுப்பது கொத்தாக நிற்கும் இடத்தில் மட்டும் சரிவரும். பரவிக் கிடப்பதற்கு ஒட்டுகிற ஏதாவது வேண்டும். பெட்டி ஒட்டும் டேப்பைக் கொலருக்கு அடியில் ஒட்டி இழுத்துப் பார்த்தேன், நிறம் போகவில்லை. அந்த நம்பிக்கையில் முழங்கையில் ஒட்டினேன், அரிசி மணி அளவுக்கு வண்ணம் கழன்றுவிட்டது. கொலருக்கு அடியில் வெயில் பட்டதில்லை, உரசியதில்லை, அது புதுத் தோல்மாதிரி. சோதிப்பதென்றால் அதே அளவு தேய்ந்த இடத்தில்தான் சோதிக்க வேண்டும். அந்தத் தழும்பைப் பார்க்க இப்போதும் மனம் நோகிறது.

உடம்பில் ஏறிய சுணைக்கு வெள்ளைப் பசையைப் பூசிக் காயவிட்டு உரிப்பார்கள். தோலுக்கு அது ஆகுமா என்று கையுறையின் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டேன். துளைகளுக்குள் வெள்ளையாக இறங்கி நின்றுவிட்டது. ஜக்கெட்டுக்கு வேண்டாம்.

கடைசியில் கைகொடுத்தது காயத்துக்குப் போடும் துணிப் பிளாஸ்டர். அழுத்தித் தேய்க்காமல் மெல்ல வைத்து, சுணை சாய்ந்த திசைக்கு எதிராக அல்ல, அது வெளியே வரும் வழியிலேயே உரிக்க வேண்டும். தேய்ந்த இடங்களில் அதையும் விட்டுவிட்டு, அக்காவின் பழைய நைலோன் காலுறையைக் கையில் சுற்றி வருடினேன். சுணை இழையில் கொளுவி வருகிறது. முடிந்த இடத்தில் பஞ்சை நாலு திசைக்கும் இழுத்துப் பார்ப்பது. எங்கே பஞ்சு நூலாகப் பிடிபடுகிறதோ அங்கே இன்னும் இருக்கிறது.

பெத்தா பக்கத்தில் இருந்து, சின்ன வயதில் நாகதாளிப் பழத்தை மணலில் புரட்டி, மட்டை நெருப்பில் சுணை பொசுக்கித் தின்ற கதை சொன்னார். வாயெல்லாம் சிவக்குமாம். தோலுக்கு நெருப்புக் காட்ட முடியாது, சுருங்கிவிடும்.

ஜூலை 3, புதன்

பஞ்சு இப்போது எங்கேயும் பிடிபடவில்லை. உள்துணியின் வாசலை ஐயா கைத்தையலால் மூடித் தந்தார். அத்தான் விட்டுப்போன டப்பாவில் தேன்மெழுகுக் களிம்பு இருந்தது, விரல் சூட்டில் இளக்கித் துளைகள் இருந்த இடத்தில் வட்டமாகத் தேய்த்தேன். தோல் ஆறாது, ஆனால் நீவ நீவத் துளையின் வாய் நெருங்குகிறது, மெழுகு அதை அடைக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னவர்கள் உண்டு. கறுத்துப்போகும், பிறகு சிக்கு மணம் வரும், நான் பூசவில்லை. வெயிலிலும் போடவில்லை. கச்சான் காற்று வீசுகிற இந்த நாளில் நிழலே போதும்.

சிவப்புக் கறை போகவில்லை. அந்தப் பூச்சியின் சாயம் ஒரு காலத்தில் துணிக்குப் போட விலை கொடுத்து வாங்கிய சாயம். 1795இல் அந்தச் சாயத்துக்காகப் பிரேசிலில் இருந்து ஒரு வகைப் பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நல்ல சாயம் தருகிற வகை இல்லை, ஆனால் ஒரு வகை நாகதாளியை ஊர் ஊராகத் தின்று அழித்தது. அதைப் பார்த்து 1860களில் இலங்கைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் கரையில் நிற்கிற இந்த மஞ்சள் முள் வகை அதற்கு அழியவில்லை. 1920களில் வேறொரு வகைப் பூச்சியை இறக்கினார்கள். கறையை அப்படியே விட்டுவிடுகிறேன். அத்தானுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

கையுறையை மட்டும் கைவிட்டேன். அதன் உள்துணி ஒட்டியது, பிரிக்க வழியில்லை. விரல்களுக்கு நடுவே தைத்த ஒடுங்கின துண்டுகளுக்குள் சுணை இறங்கிவிட்டது. வீட்டில் போட்டுப் பார்க்கையில் மூன்று முறை ஒன்றுமில்லை, நாலாவது முறை பிரேக் பிடிக்கிறமாதிரி விரலை மடக்கியபோது உள்ளங்கையில் குத்தியது. ஓடும்போது அந்தக் கை ஒரு கணம் தயங்கினால் போதும். யாரும் எடுத்துப் போடாமல் இருக்க இரண்டையும் விரல் விரலாக வெட்டி, தாளில் சுற்றி, டேப் ஒட்டிப் போட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

பட்டைகளைத் திரும்பப் போடுவதற்கு இன்றைக்குத்தான் அலுமாரிக்கு மேலிருந்து எடுத்தேன். தோள் பட்டையைப் போட்டாயிற்று. முழங்கைப் பட்டையைக் கையில் பிடித்ததும் ஏதோ உறுத்தியது. டோர்ச்சைக் கிடத்தி அடித்தால், பஞ்சின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி. நான் போட்ட வட்டம் எதிலும் இல்லாத முள். தோலைத் துளைத்து முழுவதும் உள்ளே போய், பட்டையில் குத்தி நின்றிருக்கிறது. பட்டை இல்லாவிட்டால் அது என் முழங்கையில்தான் நின்றிருக்கும்.

பின்பக்கம் வளைத்து, முனையை மூத்தப்பாவின் சாமணத்தால் பிடித்து, முன்னுக்கு இழுத்தேன். நகக்கண் அளவு. தீப்பெட்டியில் போட்டு, மற்றப் பட்டைகளையும் ஒரு தரம் வளைத்துப் பார்த்துவிட்டு, ஜக்கெட்டை அகலமான கொழுவியில் கொழுவி அத்தானின் அறையில் தொங்கவிட்டேன்.