எம்ஜிபி-க்கு டயர் மாற்றம்: 165-ஆ, 185-ஆ?

வண்டி 1970களின் தொடக்கத்தில் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 14 அங்குல வயர் வீல் (கம்பி ஸ்போக் வைத்த சக்கரம்), நாலரை அங்குல அகல ரிம். கார்புரேட்டர் வேலை முடிந்து வண்டி ஓடுகிற நிலைக்கு வந்ததும் அடுத்தது டயர்தான் என்று வைத்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "பட்டன் அப்படியே இருக்கே, எதுக்கு மாத்தணும்?" என்றார்கள். டயரின் மேல்வரிப் பட்டன் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் நகத்தை அழுத்தினால் துளிகூட உள்ளே இறங்கவில்லை. பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி வட்டம் போட்டது மாதிரி மயிரிழை விரிசல்கள். ஈரத் தரையில் லேசாக பிரேக் பிடித்தாலே சக்கரம் நின்று வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. இந்த மாதிரி வண்டிகள் வருடத்தில் கொஞ்ச தூரமே ஓடும். டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகும்.

வயதைக் கண்டுபிடிக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது, தேதி எண் உட்பக்கச் சுவரில்தான் இருந்தது. டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து-எண் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருந்தால் 2000க்குப் பிறகு செய்த டயர். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். என் டயரில் மூன்றே இலக்கம். அதாவது போன நூற்றாண்டுச் சரக்கு. எந்தப் பத்தாண்டு என்பதைக்கூட அந்த எண் சொல்லாது. சில கம்பெனிகள் 1990களின் டயர்களில் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் போட்டன, அதை வைத்து ஊகிக்கலாம். டிக்கியில் இருந்த ஸ்டெப்னி அதையும்விடப் பழசு. பட்டனில் ரப்பர் மயிர்கூட உதிரவில்லை, தட்டினால் மரப்பலகைச் சத்தம்.

அடுத்தது அளவு. இந்த மாடல் 1962இல் வந்தபோது 5.60-14 கிராஸ்பிளை டயர் (உள் இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து போகும் பழைய வகை). பிறகு ரேடியல் (இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும் வகை) வந்தபோது 155, 165; இந்த எண் டயரின் அகலம், மி.மீ.இல். இப்போது பலரும் 185/70 போடுகிறார்கள். எளிதாகக் கிடைக்கிறது, பார்க்கவும் புஷ்டியாக இருக்கிறது. இதில் 70 என்பது உயர விகிதம், அதாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம். பழைய 165 ஆர் 14இல் (ஆர் என்றால் ரேடியல், 14 ரிம் அங்குலம்) அந்த விகிதமே எழுதியிருக்காது. எழுதாவிட்டால் சுமார் 80, 82 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் 165/80இன் விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ., 185/70இன் விட்டம் 615. வித்தியாசம் ஒன்றுமில்லை. 195/60 போட்டால் 590தான். கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு, ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காட்டும், எஞ்சினும் எல்லா வேகத்திலும் கூடுதலாகச் சுற்றும். ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத வண்டிக்கு அது காதுக்கு ஆகாது. 195 அதோடு பட்டியலை விட்டுப் போயிற்று.

ஆக 165-ஆ 185-ஆ என்பதுதான் கேள்வி. இதைத் தாளில் தீர்க்க முடியாது என்று நண்பர் வண்டியிலிருந்து 185/70 போட்ட சக்கரங்களைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். முதலில் பின்பக்கம். எம்ஜிபி-யில் இடது பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே எப்போதுமே இடம் கம்மி, வயர் வீல் என்றால் இன்னும் கம்மி. மட்கார்டின் உள்மடிப்பில் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட்டு, ஆட்களை ஏற்றிக் குண்டும் குழியுமான பாதையில் மெதுவாக ஒரு சுற்று போய் வந்தேன். வலப்பக்கக் களிமண் அப்படியே இருந்தது. இடப்பக்கத்தில் டயர்த் தோள் (பட்டனும் பக்கச் சுவரும் சேரும் ஓரம்) பதிந்த தடம், அச்சு எடுத்த மாதிரி. வளைவில் முழுச் சுமையோடு திரும்பினால் மடிப்பு டயரைச் சீவும். மடிப்பை உள்ளே தட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. டயருக்காக பாடியை அடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

பிறகு முன்பக்கம். இந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நிற்கும்போது 185ஐத் திருப்புவது தோளுக்கு வேலை. அதுகூடப் பரவாயில்லை, ஓடும்போது ஸ்டியரிங் பேசுவதை நிறுத்திவிட்டது. 165இல் பிடி தளரப்போகிறது என்பது கைக்கு முன்கூட்டியே தெரியும், ஸ்டியரிங் வளையம் லேசாக இளகும். 185 கடைசிவரை கம்மென்று இருந்து, திடீரென்று விடுகிறது. நாலரை அங்குல ரிம்மில் 185 உட்காரும், ஆனால் அந்த டயருக்கு ஏற்ற ரிம் அகலத்தில் நாலரைதான் குறைந்தபட்சம். பக்கச் சுவர் வெளியே பிதுங்கி, பட்டனும் ரிம்மும் ஒன்றுக்கொன்று நழுவுகிற உணர்வு. இந்தக் காரின் அழகே கம்மியான பிடியில், கம்மியான வேகத்தில் விளையாட முடிவதுதான். சரி, 165 என்று முடிவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. 165 ஆர் 14 என்று தேடினால் முதலில் வந்து நிற்பது வேன் டயர். அளவுக்குப் பின்னால் ஆங்கில சி இருக்கும், பாரக் குறியீடு 97/95 மாதிரி இருக்கும். 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். முழு வண்டியே ஏறத்தாழ ஒரு டன்தான், அதற்கு எதற்கு இது? பக்கச் சுவர் கட்டைபோல் இருக்கும், நம் வண்டியின் எடைக்கு அது வளையவே வளையாது. விலை கம்மி என்று அதைப் போட்டு, சஸ்பென்ஷனைக் குறை சொல்லி, ஷாக் அப்சார்பரை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கார் டயரில் 84 போதும், அதுவே டயருக்கு 500 கிலோ. வேகக் குறியீடு எஸ் என்றால் 180 கி.மீ., எச் என்றால் 210. இந்த வண்டி 170ஐத் தொடுவதே பெருமை.

மீதி இருந்தது சாதாரண டூரிங் டயரா, பழைய வடிவப் பட்டன் உள்ள டயரா என்பது. மிஷ்லான் 1946இல் ரேடியலுக்குக் காப்புரிமை எடுத்தது, பைரெல்லியின் சிந்துராட்டோ 1950களில் வந்தது. அந்த வரிசையை பைரெல்லி இப்போது பழைய தோற்றத்திலேயே, புதிய ரப்பரில் மறுபடி செய்கிறது. தோற்றத்துக்காக மட்டும் அவ்வளவு விலை கொடுக்க மாட்டேன். தோள் வட்டமாக இருப்பதுதான் என்னை இழுத்தது. இன்றைய டயரின் தோள் சதுரம். சஸ்பென்ஷன் சாயும்போது சக்கரமும் சாய்கிற பழைய வண்டிக்கு வட்டத் தோள்தான் இதமாகப் போகிறது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து வாங்கினேன்.

மாட்டுகிற வேலைதான் உண்மையில் நேரம் தின்றது. வயர் வீல் என்றால் ஸ்போக் துளைகள் வழியாகக் காற்று போகும், டியூப் இல்லாமல் ஆகாது. பழைய ரிம் நாடாவை உரித்ததும் ஒரு ஸ்போக் முனை நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டை) தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. விரலை ஓட்டினாலே கீறியது. அரத்தால் எல்லா முனைகளையும் சமப்படுத்தி, புது நாடா சுற்றினேன். டயருக்கு உள்ளே காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கட்டாயம் உரிக்க வேண்டும், அதன் ஓரம் டியூபை அரித்து அரித்தே பஞ்சராக்கும். உள்ளே டால்க் பவுடர் தூவி, காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடித்தால் டியூபில் விழுந்த மடிப்பு நேராகிவிடும். டியூப் ரேடியலுக்கானதாக இருக்கட்டும்.

பேலன்ஸ் போடும் இடத்தில் சக்கரத்தை இயந்திரத்தில் பிடிக்க வழக்கமான கூம்பை மாட்டினார்கள். அது ஹப்பின் வெளி விளிம்பில் உட்காருகிறது. வயர் வீல் வண்டியில் உட்காருவதோ உள்ளே இருக்கும் சாய்வுத் தளங்களில். சோதிக்க ஒரு வழி: இயந்திரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சக்கரத்தைத் தளர்த்தி அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கிச் சுழற்றினால், எடையும் இடமும் மாறக்கூடாது. மாறியது. சரியான கூம்புகள் வைத்திருக்கும் வேறு இடம் தேடிப் போனேன். அங்கே இரண்டு முறையும் ஒரே எண்.

ஸ்பிளைனுக்கு (சக்கரம் ஹப்பில் கோத்துக்கொள்ளும் பல்வரிசைக்கு) கிரீஸ் தடவி, செம்புச் சுத்தியலால் நாக்-ஆஃப் நட்டை, அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் நடுவிலுள்ள ஒற்றை நட்டை, இறுக்கினேன். வலப்பக்க நட்டுக்கு இடப்புரி என்பதால், வலது சக்கரத்தைக் கழற்ற வலஞ்சுழியாக அடிக்க வேண்டும். நட்டிலேயே அம்புக்குறி இருக்கும், பார்த்து அடிக்கவும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தேன், ஒரு நட்டு இன்னும் கால் திருப்பு ஏறியது.

காற்று கையேட்டுப்படி முன்னால் 21 பி.எஸ்.ஐ., பின்னால் 24 வைத்துத் தொடங்கினேன். முன்பக்கம் சற்றே மந்தமாகத் தெரிந்ததால் 24, 26 என்று ஏற்றியிருக்கிறேன், இப்போதைக்கு இதுவே பிடித்திருக்கிறது. புது ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை முதல் 200 கி.மீ. அளவுக்கு நிதானம். ஸ்டியரிங் நடுக்கம் போய்விட்டது. வண்டி மட்டும் இடது பக்கம் லேசாக இழுக்கிறது. முன் இரண்டு டயரையும் இடம் மாற்றிப் பார்த்தேன், இழுப்பு இடதிலேயே நிற்கிறது. அப்படியானால் டயர் காரணமில்லை. அடுத்து டோ-இன்னை (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை) சரிபார்த்து, இடது பிரேக் காலிப்பரையும் (பிரேக் பேடை அழுத்தும் பாகத்தையும்) பிரித்துப் பார்க்க வேண்டும்.