பனியில் 72 நாட்கள்

'சொசைட்டி ஆஃப் த ஸ்னோ' பார்த்தேன். 1972 அக்டோபரில் ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தின் கதை. ஏறியவர்கள் 45 பேர், 72 நாள் கழித்து மீண்டவர்கள் 16 பேர்.

இயக்குநர் பயோனா செய்த பெரிய காரியம், கதையை நூமா துர்காத்தியின் குரலில் சொன்னது. நூமா திரும்பி வராதவர். பிழைத்தவர்களின் வீரக்கதையாக முடிந்திருக்க வேண்டிய படம், இதனால் இறந்தவர்களுக்கும் சொந்தமாகிவிடுகிறது. ஒவ்வொரு மரணத்தின்போதும் பெயரும் வயதும் திரையில் வரும். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுகள். நெஞ்சு அடைத்துப்போனது. இறந்த நண்பர்களின் உடலை உண்ண நேர்ந்ததையும் பரபரப்பாக்காமல், அவர்களுக்குள் நடந்த விவாதமாகவே காட்டியிருக்கிறார்கள். பனிச்சரிவுக் காட்சியில் எனக்கே மூச்சு முட்டியது.

குறை இருக்கிறது. தாடியும் அழுக்கும் ஏறியபின் யார் யாரென்றே தெரியவில்லை. நாண்டோ பர்ராடோவும் ரொபெர்டோ கனெஸ்ஸாவும் உதவி தேடி சிலிப் பக்கம் 10 நாள் நடந்ததுதான் எல்லோரையும் காப்பாற்றியது. அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். அந்தத் தூரமும் களைப்பும் நமக்குள் இறங்கவே இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஆனாலும் அவசியம் பாருங்கள். ஸ்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு.