நூறு கேள்விகளும் ஒரு சலவைக்கடைக்காரரும்

கிரீன் கார்டு கைக்கு வந்து ஐந்து வருடம் முடிவதற்கு 90 நாள் இருக்கும்போதே அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நான் என்-400 படிவத்தை ஆன்லைனிலேயே போட்டேன். அதில் உயிரை வாங்குவது, ஐந்து வருடத்தில் போய்வந்த வெளிநாட்டுப் பயணங்களைத் தேதியோடு நிரப்புவதுதான். பாஸ்போர்ட்டில் பாதி மங்கிய சென்னை விமான நிலைய முத்திரைகளை மொபைல் டார்ச் அடித்துப் படிக்க வேண்டியிருந்தது. அப்புறம் கைரேகை, அதன் பிறகு நேர்காணல் கடிதத்துக்காகக் காத்திருப்பு.

அந்த இடைவெளியில் படிக்க வேண்டியது குடிமைத் தேர்வு, அதாவது அமெரிக்க வரலாறும் அரசமைப்பும் பற்றிய வாய்மொழிக் கேள்விகள். நான் எழுதியது 2008-இல் வந்த வடிவம்: 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள். 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். கேள்வியும் பதிலும் அரசு இணையதளத்திலேயே இருக்கின்றன. செனட்டர்கள் 100, பிரதிநிதிகள் 435, அரசியலமைப்புத் திருத்தங்கள் 27, இதெல்லாம் ரயிலில் போகும்போதே மனப்பாடம் ஆகிவிடும். நம் ஊர்ப் பொதுத்தேர்வு எழுதியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

என்னை நிறுத்தியது பட்டியலின் நடுவில் அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகள். குடிமக்களுக்கு மட்டுமே உள்ள உரிமை ஒன்றைச் சொல்லுங்கள் என்பது முதலாவது. அதற்குப் பதில் இரண்டே: கூட்டாட்சித் (மத்திய அரசுத்) தேர்தலில் ஓட்டுப் போடுவது, கூட்டாட்சிப் பதவிக்குப் போட்டியிடுவது. அமெரிக்காவில் வாழும் எல்லோருக்கும் உள்ள உரிமைகள் இரண்டைச் சொல்லுங்கள் என்பது அடுத்தது. அதற்குப் பேச்சுரிமை, வழிபாட்டு உரிமை, கூட்டம் கூடும் உரிமை என்று நீளமான பட்டியலே இருக்கிறது. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்த வருடங்களில் வாயைத் திறக்கவே யோசித்தவன் நான். அந்த உரிமையெல்லாம் அப்போதே எனக்கும் இருந்ததா?

தேடிப் படித்தபோது 1886-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி. சீனர்கள் கேட்டால் அனுமதி இல்லை. மற்றவர்கள் கேட்டால், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற பெயரில் கடை நடத்திய சீனர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். அன்றைய சட்டப்படி அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவே முடியாது. ஆனால் 14-ஆவது திருத்தத்தின் சமப் பாதுகாப்பு வாசகம் குடிமகனைச் சொல்லவில்லை, 'எந்த நபருக்கும்' என்கிறது. அதை வைத்து உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதே நீதிமன்றம்தான் 1923-இல், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரை வெள்ளையர் இல்லை என்று சொல்லி, அவருக்குக் குடியுரிமை கிடையாது என்றது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறக்க 1946-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இந்த இரண்டு வழக்குகளும் 100 கேள்விகளில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாநிலங்கள் பற்றிய பகுதியும் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. இங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில ஆட்சியைக் கலைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்குக் கிடையாது. கூட்டாட்சிக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்கு மறுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது 10-ஆவது திருத்தம். இந்தியாவில் மிச்ச அதிகாரம் டெல்லிக்கு. மாநில சுயாட்சி பற்றிய மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த ஒரு திருத்தத்தையே ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

நேர்காணல் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டதும் அதிகாரி படிவத்தை வரிவரியாகச் சரிபார்த்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது இருந்ததுண்டா என்றும் ஒரு கேள்வி வரும், சிரித்துவிட வேண்டாம். ஆறாவது சரியான பதிலோடு தேர்வு முடிந்தது. ஒரு வரி வாசிக்கச் சொன்னார், டேப்லெட்டில் பேனாவால் ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

சத்தியப்பிரமாணத்தன்று கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காததால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்க வேண்டும். அது தனிப் படலம், அதற்கு வேறு கோப்பு போட்டுக்கொள்ளுங்கள். வாக்காளர் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நியூஜெர்சியில் எனக்கு வந்த முதல் ஓட்டுச்சீட்டில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஆணையர், பள்ளி வாரியம் என்று வரிசையாகப் பதவிகள். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை அந்த 100 கேள்விகளில் ஒன்றுகூடச் சொல்லித்தரவில்லை, மறுபடி உட்கார்ந்து படித்தேன்.