கடைசி இலக்கம் மாறிப்போன கதை

மூன்று நாளாக ஒரு பிழை என்னைத் தூங்கவிடவில்லை. தரவின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமா கோப்பைப் படித்து டைப்ஸ்கிரிப்ட் (வகைகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) நிரலைத் தானாக எழுதித் தரும் ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். சர்வரில் 9007199254740993 என்று இருந்த ஐடி, திரையில் 9007199254740992 என்று வந்தது. மாறியது கடைசி இலக்கம் மட்டும்தான். ஆனால் அது வேறொருவருடைய கணக்கு!

அந்த ஐடி ஒரு 64 பிட் முழு எண். அதன் வகையை அந்தக் கருவி வெறும் 'நம்பர்' என்று எழுதியிருந்தது. ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் பிக்இன்ட் (பெரிய முழு எண்களுக்கான வகை) அல்லது ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வேண்டும்.

கருவி எழுதிய கோப்பை நாமே திருத்தினால் அடுத்த பில்டில் கருவி அதை மறுபடி எழுதும்போது அழிந்துவிடும். சரி, கருவியைப் பராமரிப்பவருக்கு இஷ்யூ (பிழை அறிக்கை) போடுவோம் என்று உட்கார்ந்தேன். பெரிய ஸ்கீமாவை வெட்டி வெட்டி, கடைசியில் ஒரே ஒரு புலத்தில் (ஃபீல்டில்) நிறுத்தினேன். நேரம் பிடித்த வேலை, ஆனால் பிழை பளிச்சென்று தெரிந்தது அங்கேதான். கருவியின் பதிப்பு, ஓட்டிய கட்டளை, வந்த வரி, வர வேண்டிய வரி எல்லாம் சேர்த்துப் பதிந்தேன். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், சொந்த நேரத்தில் பராமரிப்பவர் எங்கே போய்த் தேடுவார்?

அப்புறம், இதுபோன்ற கருவி வைத்திருப்பவர்கள் உங்கள் ஐடி புலங்களை இன்றே ஒருமுறை பாருங்கள்.