சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா?

பிள்ளைகளுக்குக் காட்டுயிர் வீடியோ போடும்போது நான் முதலில் செய்வது சத்தத்தை நிறுத்துவதுதான். "தாய்ச் சிங்கம் கவலையோடு குட்டியைத் தேடுகிறது" என்று பின்னணிக் குரல் சொல்லிவிட்டால் முடிந்தது கதை, அப்புறம் எல்லார் கண்ணுக்கும் கவலை மட்டும்தான் தெரியும்; காது எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை எட்டு வைத்து நின்றது என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

அடுத்து, கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். கேட்க லேசாக இருக்கும். சிம்பன்சி பல்லைக் காட்டும் படத்தை வைத்தால் "சிரிக்குது" என்றுதான் பதில் வரும். உதடு பின்னால் இழுபட்டிருக்கிறது, பல்வரிசை தெரிகிறது, படத்தில் இருப்பது அவ்வளவுதான். (அது பெரும்பாலும் பயத்தையோ பணிவையோ காட்டும் முகம் என்று பிறகு சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை.)

எனக்குப் பிடித்தது புறா. நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுகிறது என்று சத்தியமே செய்வார்கள். சரி என்று, கேமரா அசையாமல் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டி, திரையில் தலை இருக்கும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்: தலை பின்னால் போவதே இல்லை, வெடுக்கென்று முன்னால் போய் அங்கேயே நிற்கிறது, உடம்புதான் நடந்து வந்து அதை எட்டிப் பிடிக்கிறது. ஏன்? தடுமாறாமல் நடக்க என்பான் ஒருவன், பார்வை கலங்காமல் இருக்க என்பாள் ஒருத்தி. இனி வீடியோவை எத்தனை தடவை ஓட்டினாலும் பயனில்லை. கால் நடக்க வேண்டும், சுற்றி இருப்பது மட்டும் நகரக் கூடாது, அதற்கு என்ன வழி என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். ட்ரெட்மில் என்று யாராவது சொல்லும்வரை காத்திருக்கலாம், அவசரமே இல்லை. 1978-ல் பாரி ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர் அதைத்தான் செய்து பார்த்தார். ட்ரெட்மில்லில் நடந்த புறா தலையை ஆட்டவில்லை. பார்வைக்காக என்று சொன்னவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஒருநாள் புலி வீடியோ. புல்லுக்குள் பதுங்குவதும் பாய்வதும் ஒரே புலிதானா, இல்லை வேறு வேறு நாளில் எடுத்து ஒட்டினார்களா என்று ஒரு குட்டிப்பெண் கேட்டாள். நல்ல சந்தேகம், அப்படி ஒட்டுவது சகஜம். ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்பதால் இரண்டு காட்சியையும் நிறுத்தி ஒப்பிட்டோம். முதலாவதில் இடது விலா, அடுத்ததில் வலது விலா. ஒரே புலிக்கே இரு பக்க வரியும் ஒன்றுபோல் இருக்காது. புலிகளைக் கணக்கெடுக்கும்போது பாதையின் இரு பக்கமும் கேமரா வைப்பது இதனால்தான். எங்களிடம் இருந்தது அந்த வீடியோ மட்டும், அவள் கேள்வி அப்படியே நிற்கிறது.