வலி பத்து நாளில் போகும், கால் ஆறு வாரத்தில் வரும்

கணுக்கால் பிசகிய பிள்ளை பத்தாம் நாள் ஷூ மாட்டிக்கொண்டு மைதானத்தில் வந்து நிற்கும். வீக்கம் வடிந்திருக்கும், நொண்டலும் இருக்காது. "வலிக்கலை மிஸ்" என்பாள். அது பொய்யும் இல்லை. சியர்லீடிங், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் பிரமிடு, ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்தப் பத்தாம் நாளில்தான். வலி நின்றுவிட்டது என்றால் வீக்கம் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்திருக்கும்; அது இழுவையைத் தாங்கும் பலத்துக்கு வரவும், கால் எப்படிச் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மறுபடி கூர்மையாகவும் இன்னும் பல வாரம் ஆகும். இடைப்பட்ட இந்த நாட்களில்தான் அதே கால் இரண்டாம் முறை பிசகுகிறது.

கபடியில் பிசகினால் போவது அவரவர் கால். பிரமிடில் அப்படி இல்லை. கீழே நிற்கும் பேஸ் பெண்ணின் கணுக்கால் மடங்கினால், மேலே நிற்கும் ஃப்ளையர் தலைகீழாக விழுகிறாள். அதனால் "அவளுக்குச் சம்மதம், அவங்க அப்பா அம்மாவுக்கும் சம்மதம்" என்பது போதாது. மேலே ஏறுகிற பிள்ளையின் தலையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

புதுச்சேரிப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் 15, நவம்பர் 1 விடுதலை நாள், ஜனவரி 26, பிறகு ஆண்டு விழா என்று தேதிகள் வரிசையாக வரும். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒத்திகை திடீரென்று இரண்டு மடங்காகும், அடிபடுவதும் அப்போதுதான். நவம்பர் 1 என்றால் வடகிழக்கு மழை வேறு. ஈரத் தரையில் குதித்து இறங்குவதை அன்றைக்கு விட்டுவிட்டுக் கை அசைவுகளை மட்டும் பார்க்கலாம். கடலோரப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்துப் பிடி நழுவுவதும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு தூக்கலுக்கும் முன்னால் துண்டில் கை துடைப்பது விதியாகவே இருக்கட்டும்.

பிசகிய நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது எலும்பை. கணுக்காலின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பு, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே உள்ள எலும்பு, இவற்றையும் அழுத்த வேண்டும். எங்காவது எலும்பின் மேலேயே வலித்தாலோ, நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஜிப்மரோ, கடலூர் அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே அன்றைக்கே போய்விடுங்கள்.

வளரும் பிள்ளைகளில் ஒரு சிக்கல் உண்டு. எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, பக்கத்தில் உள்ள தசைநாரைவிட மென்மையானது. பெரியவர்களுக்கு நார் கிழியும் அதே மடக்கில் பிள்ளைகளுக்குத் தட்டு விரிசல் விடலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். படம் சுத்தமாக இருந்தும் எலும்பைத் தொட்டால் பிள்ளை துள்ளுகிறது என்றால், அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லி மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் வேலை மிக எளிது. நம் ஊரில் அதைக் கெடுப்பது எண்ணெய். விளக்கெண்ணெய் காய்ச்சி நீவி விடுவதும், "சுளுக்கு எடுக்கிறேன்" என்று காலைச் சொடுக்குவதும் இந்த நாட்களில் உள்ளே கசியும் ரத்தத்தைக் கூட்டும். தட்டு விரிசலாக இருந்தால் எலும்பை நகர்த்தியும் விடும். வெந்நீர் ஒத்தடமும் இப்போது கூடாது. பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் ஒன்று வாங்குங்கள். விரல்களின் அடியில் ஆரம்பித்து, கணுக்காலில் எட்டு வடிவமாகச் சுற்றி, ஆடுசதையின் பாதி வரை கொண்டுபோங்கள். கீழே சற்று இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. பலர் இதைத் தலைகீழாகச் சுற்றிவிடுவார்கள், வீக்கம் பாதத்தில் போய்த் தேங்கும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடியில் சிவப்பு திரும்பாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். தூங்கும்போது கட்டு வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வைக்கலாம். ஐஸ் வலிக்குத்தான்; ஆறுவதை அது வேகப்படுத்தாது. படுத்திருக்கையில் இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும்.

வலி மாத்திரையை மருத்துவர் பிள்ளையின் எடையைப் பார்த்துச் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். ஒத்திகைக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை என்ற பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. மாத்திரை இல்லாமல் ஆட முடியாத கால் ஆடவே கூடாது. இதில் பேரம் இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து அசைவு. படுக்கையில் உட்கார்ந்து கால் கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஈ-யும் ஔ-வும் கணுக்காலை எல்லாத் திசையிலும் திருப்பிவிடும். தாங்குகிற அளவுக்குக் காலை ஊன்றி நடக்கலாம். நொண்டாமல் நடக்க முடியாதவரை ஊன்றுகோல் துணை.

இரண்டாம் வாரம் பலம். இதற்குக் கடையில் ரப்பர் பட்டை வாங்க வேண்டும் என்றில்லை. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாங்கினால் போதும். கட்டில் காலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, பாதத்தை மேல், கீழ், உள், வெளி என நான்கு பக்கமும் இழுக்க வேண்டும். பக்கத்துக்கு 15 தடவை, மூன்று சுற்று. வெளிப்பக்க இழுப்பைத்தான் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள், முழங்காலைத் திருப்பிச் சமாளித்துவிடுவார்கள். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். கூடவே படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகால் உயர்த்துவது: முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில்.

சமநிலைப் பயிற்சியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மீண்டும் பிசகாமல் காப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஒற்றைக் காலில் 30 நொடி. அது சுலபமானதும் கண்ணை மூடி 30 நொடி. பிறகு மடித்த தலையணை மேல் நின்று. கடைசியாக அப்படி நிற்கும்போதே பந்தைப் பிடித்து எறிவது. பல் துலக்கும் நேரத்தில் செய்யச் சொன்னால் தவறாமல் நடக்கும்.

இந்த வாரங்களில் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். கை அசைவுகள், குரல், எட்டு வரை எண்ணித் தாளம் பிடிக்கும் எட்டு எண்ணிக்கை, உட்கார்ந்து செய்யும் தோள் பயிற்சி, வயிற்றுத் தசைப் பயிற்சி எல்லாம் நடக்கட்டும். குழுவிலிருந்து விலக்கிவிட்டால்தான் வலியை மறைத்துத் திரும்பி வரத் தோன்றும்.

நொண்டல் இல்லாத வேக நடை வந்த பிறகே ஓட்டம், அதுவும் நேர்க்கோட்டில். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி வராது, தரை சமம், இதற்குத் தோதான இடம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் ஓடினால் கால் பலப்படும் என்று கூட்டிப் போகிறவர்கள் உண்டு. பலப்படும், ஆனால் நான்காம் வாரத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் மணலின் மேடு பள்ளம் ஆறாத காலை மறுபடி மடக்கும்.

திரும்பலாமா என்பதைப் பிள்ளையின் வாயிடம் கேட்காமல் காலிடம் கேளுங்கள். சுவர் எதிரே பாதத்தை வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். சுவருக்கும் பெருவிரலுக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியை இரண்டு காலிலும் அளந்தால் வித்தியாசம் சுமார் 1 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தும் எண்ணிக்கை, ஒற்றைக் காலில் தாவும் தூரம் இரண்டும் நல்ல காலின் அளவில் 90 சதவீதமாவது வர வேண்டும். நல்ல கால் 120 செ.மீ. தாவினால் இந்தக் கால் 108. தூரத்தோடு இறங்கும் விதத்தையும் பாருங்கள்: முழங்கால் உள்ளே சாய்ந்தாலோ, இறங்கியதும் இன்னொரு காலை ஊன்றினாலோ அந்தத் தாவல் கணக்கில்லை. பத்தாம் நாள் வந்து நிற்கும் பிள்ளையை இந்தத் தாவலுக்கு விட்டால், விஷயத்தை அவளே புரிந்துகொள்வாள்.

தேறினால் உடனே பிரமிடு இல்லை. முதலில் தரையில் நடனம், பிறகு குதிப்பது, பிறகு பாய் விரித்துத் தொடை மேல் ஏற்றும் தாழ்வான தூக்கல், பிறகு தோள் மட்டம், கடைசியில் பிரமிடு. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பயிற்சி நாள். மறுநாள் காலை வீக்கமோ புது வலியோ இருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். லேசான பிசகில் இவை எல்லாம் மூன்று வாரத்திலும் முடியும். நடுத்தரமானதற்கு ஆறு, மோசமானதற்கு மூன்று மாதமும் ஆகலாம். நாடா கட்டும் வகைக் கணுக்கால் உறையைப் பயிற்சியின்போது ஆறு மாதமாவது போட்டுக்கொள்வது நல்லது. அதனால் கால் பலவீனமாகும் என்ற பயம் வேண்டாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதுகை வில்லாக வளைக்கும்போது இடுப்புக்கு மேலே வலித்து, அது இரண்டு வாரம் தாண்டினால் தசைப் பிடிப்பு என்று தைலம் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகெலும்பின் பின்பகுதியில் அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் விரிசலாக, இருக்கலாம். அப்படி இருந்தால் சுமார் மூன்று மாதம் வளைவது நிற்கும். கையை ஊன்றும்போது மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலித்தால், அங்கேயும் வளர்ச்சித் தட்டுதான் சந்தேகம். கரணத்தையும் கையூன்றித் தலைகீழாக நிற்பதையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தலையில் அடி மட்டும் தனிச் சட்டம். விழுந்தோ, மேலே இருப்பவள் முழங்கை இடித்தோ, அதற்குப் பிறகு தலைவலி, மயக்கம், குழப்பம், தடுமாற்றம் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. "பத்து நிமிஷத்தில சரியாயிடுச்சு" என்றாலும் முடிந்ததுதான். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் இருப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. கழுத்து வலித்தால் பிள்ளையை நகர்த்தாமல் வைத்திருங்கள். பிறகு ஒன்றிரண்டு நாள் செல்போனைக் குறைத்து ஓய்வு, லேசான நடை, முதலில் பள்ளிப் பாடம், அதன்பின் படிப்படியாகப் பயிற்சி, படிக்கு குறைந்தது 24 மணி நேரம். தூக்குவதும் மேலே ஏறுவதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே.

இத்தனையும் நடக்க வேண்டுமென்றால் ஒத்திகையின் முதல் வாரத்திலேயே ஒரு வேலை பாக்கி இருக்கிறது: ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு மாற்று ஆள், அதோடு ஒரு பிரமிடு குறைந்தாலும் ஆடக்கூடிய இரண்டாவது அமைப்பு. மேல்தட்டை எடுத்துவிட்டு இரண்டு தட்டாக நின்றால் பார்வையாளர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அமைப்பை நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றப் போனால்தான் குழப்பம். அடிபட்டவள் அன்றைக்கு முன்வரிசை ஓரத்தில் நின்று எட்டு எண்ணிக்கை சொல்லட்டும். குழுவின் தாளம் அவளுக்குத்தான் இப்போது நன்றாகத் தெரியும், ஆறு வாரமாக அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.